முதலிற் கோயில், பின்னர் வீடு

புதியதொரு நாட்டிற் குடிபுகுவோர் முதலிலே தமக்கென வீடு கட்டுவர். ஊர் அமைந்த பின்னர்க் கோயில் எழுப்புவர். நாளடைவில் அந்நாட்டின் குடிகளாவர். பொதுவாக யாம் எதிர்பார்க்கும் முறை இதுவே. ஆயின், மாத்தளை மாவட்டத்திற்கு வந்த தமிழ்த் தொழிலாளரின் வரலாற்றில் இம்முறை தலைகீழாயிற்று. கோயில் முதலில் எழுந்தது. குடியுரிமை பல தலைமுறை கழிந்து வந்தது. சொந்த வீடோ பலருக்கு இன்னும் வந்தபாடில்லை. இதன் காரணத்தை ஆராய்தல் நமக்குப் பயன் தரும்.

1815 இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமான பின்னர், மலைநாட்டிற் கோப்பித் தோட்டங்கள் பெருகின. அவற்றில் உழைக்கத் தமிழகத்து மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தனர். காட்டிலே பசிக்கும் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் இரையானோர் பலர். கோப்பிப் பழம் பறிக்கும் பருவம் முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்பினர். ஆகவே வீட்டைப் பற்றிய எண்ணமே அன்று எழவில்லை. 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்கலாயிற்று; தேயிலை அதன் இடத்தைப் பெற்றது. தேயிலைக் கொழுந்தை ஆண்டு முழுவதும் எடுத்தல் வேண்டும். எனவே வந்தவர் குடும்பத்தோடு தங்கினர்.

தங்கிய இடம் யாது? லயன் எனப்படும் நெடுங்கூரையின் கீழ் அடுத்தடுத்து அமைந்த காம்பராக்கள். பத்தடி அகலமும் பன்னிரண்டடி நீளமுமே பெரும்பாலான அறைகளின் அளவு. அவையும் தோட்டத்துக்கே உரியன. வேலையை இழந்தவன் கூரையையும் இழந்தான். கங்காணியிடம் பட்ட கடனோ, 1921 இல் ஒழிக்கப்படும் வரை, ‘துண்டு’ என்னும் சீட்டாகித் தோட்டந்தோறும் அவனைத் தொடர்ந்தது.

இந்நிலையில் அவர்கள் தமதென்று சொல்லத்தக்க முதலிடம் கோயிலாக அமைந்தது வியப்பன்று. கொள்ளைநோயை நேரிற் கண்டவர் மாரியம்மனை நாடினர். காட்டுவழி முடிந்து மலைநாடு தொடங்கும் மாத்தளையில், மரத்தடி வழிபாடாகத் தொடங்கியதென்பர் முத்துமாரியம்மன் கோயிலை. 1852 இல் அதற்கு வயல்நிலம் கொடையாகக் கிடைத்தது. 1874 இல் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் உதவியால் கோயில் எழுந்தது. தோட்டங்களிலோ தொழிலாளர் தம் கூலியில் ஒதுக்கிய சிறு காசு கொண்டே கோயில்கள் கட்டினர். காம்பராவில் அவன் கூலி. மாசிமகத் தேரின் வடத்தைப் பிடிக்கையில் அவன் ஊரவன்.

எனினும், கோயில் மட்டும் ஒருவனை நாட்டவன் ஆக்கிவிடாது. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், இலங்கையிற் பிறந்தவரும், தந்தையாவது, அன்றேற் பாட்டனும் பூட்டனுமாவது இந்நாட்டிற் பிறந்தமையைக் காட்டுமாறு கேட்டது. பிறப்புப் பதிவே அருமையாயிருந்த தோட்டங்களில் அச்சான்றுக்கு எங்கே போவது? மறு ஆண்டு வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டது. உறவுகள் கடலின் இருகரையிலுமாயின. 1983 ஆடிக் கலவரத்தில் மாத்தளைக் கோயிலும் தீக்கிரையாயிற்று. முதலில் எழுந்த வீடும் காவலற்றதே என்பதை அன்று மக்கள் உணர்ந்தனர். மீண்டும் கட்டினர், 108 அடி உயர இராசகோபுரம் இன்று அங்கு நிற்கின்றது. எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இல் நிறைவேறியது.

இனி எஞ்சுவது மண். ஏழு பேர்ச்சஸ் காணியில் தனிவீடும் உறுதியும் சிலருக்குக் கிடைத்துள்ளன. ஏனையோர் லயன்களிலேயே வாழ்கின்றனர். வகுப்பில் முகவரி எழுதச் சொன்னால், தோட்டத்து மாணவர் பலர் தோட்டத்தின் பெயரை எழுதி நிறுத்திவிடுகின்றனர். இலக்கமிடப்பட்ட கதவு அவர்களுக்கு இல்லை.

உழைப்பு ஒரு நாட்டை வளமாக்கும். வழிபாடு அங்கு வேரூன்றத் துணிவு தரும். ஆயினும், “இங்கிருந்து எழு” என எவரும் சொல்ல இயலாத உரிமையே வீடு. சுவரும் கூரையும் அதன் பின்னரே வருவன. இவ்வரலாறு தரும் பாடம் அதுவே. கோபுரத்தை அண்ணாந்து நோக்கும் மாணவர், அதன் நிழலிலிருந்து மலையேறிச் சென்றோரின் லயன்களையும் ஒருமுறை நோக்குவாராக.