வீட்டு அறைக்குள் வந்த சிம்பொனி

முழுமையான சிம்பொனி இசைக்குழு ஒன்றை அமர்த்திப் பாடலைப் பதிவுசெய்வது வசதி படைத்தோருக்கே இயலுமானது. அந்தக் குழுவின் ஒலியை ஒரு கருவிக்குள் அடைக்கும் முயற்சிக்கு அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு.

1963 இல் பிரித்தானியாவின் பேர்மிங்ஹாமில் மெலோட்ரோன் உருவானது. ஹரி சேம்பர்லினின் அமெரிக்கக் கருவியை அடியொற்றிய இதில், ஒவ்வொரு கட்டைக்கும் ஓர் ஒலிநாடா இருந்தது. கட்டையை அழுத்தினால், முன்னரே பதிவான வயலினோ புல்லாங்குழலோ ஏறக்குறைய 8 விநாடிகள் ஒலிக்கும். தம்மவர் தொழில் பறிபோகும் என அந்நாட்டு இசைக்கலைஞர் சங்கம் அஞ்சியது.

1979 இல் சிட்னியில் பிறந்த ஃபெயர்லைட், ஒலியை எண்களாக்கிக் கணினி நினைவகத்தில் வைத்தது. அதன் விலை பல்லாயிரம் டொலர். 1990களில் மிரோஸ்லாவ் விட்டூஸ், செக் பில்ஹார்மோனிக் கலைஞர்களைக் கொண்டு உருவாக்கிய ஒலித்தொகுப்பும் சாமானியருக்கு எட்டவில்லை.

2020 இல் நிலைமை மாறியது. பிபிசி சிம்பொனி இசைக்குழுவை மைடா வேல் கலையகத்தில் பதிவுசெய்த ஸ்பிட்ஃபயர் ஓடியோ நிறுவனம், அத்தொகுப்பின் சிறு வடிவத்தை 49 டொலருக்கு வெளியிட்டது. வினாக்கொத்தை நிரப்பி 14 நாட்கள் காத்திருந்தோருக்கு அப்போது அது இலவசமாகக் கிடைத்தது. அளவு சுமார் 200 மெகாபைட்.

மலிவான தொகுப்பைத் தெரிவுசெய்வோர் வாத்தியங்களின் எண்ணிக்கையில் மயங்கலாகாது. ஒரே சுரத்தை நீட்டியும் வெட்டியும், மென்மையாகவும் உரத்தும் வாசித்த தனித்தனிப் பதிவுகள் உள்ளனவா என்பதே கேள்வி. மென்மையாக வாசித்ததன் ஒலியளவைக் கூட்டினால் அது உரத்த வயலின் ஆகிவிடாது.

மென்பொருள் தானாக எதையும் வாசிக்கவில்லை. ஒவ்வொரு சுரத்தின் பின்னாலும் வில்லேந்திய கலைஞர் ஒருவர் இருக்கிறார். அவர் ஒருமுறை வாசித்ததே இன்று எண்ணற்ற வீடுகளில் ஒலிக்கிறது. 1960களில் சங்கம் அஞ்சியதும் இதற்குத்தான்.