காலி இடம் என்று எழுதியது யார்? திருவள்ளூர் – கும்மிடிப்பூண்டி: நகரத் திட்டமும் சேரி நிலமும்

நகரத் திட்டம் என்றாலே நம்மில் பலருக்கு அது இன்ஜினியர் சமாச்சாரம். ரோடு எத்தனை அடி, சாக்கடை எந்தப் பக்கம், பஸ் ஸ்டாண்டு எங்கே என்கிற விவகாரம். நமக்கும் அதற்கும் என்ன என்று விட்டுவிடுகிறோம். பஞ்சமி நிலம் என்றால் கூட்டம் போடுகிறோம், மனு கொடுக்கிறோம், மறியல் செய்கிறோம். மாஸ்டர் பிளான் என்றால் பேப்பரில் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகிறோம். இரண்டும் ஒரே விவகாரம் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை உள்ள மண்ணில் நூற்று முப்பது வருஷமாக ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது: இந்த நிலம் 'காலி' என்று எழுதுகிற பேனா யார் கையில் இருக்கிறது?

முதலில், ஒரு சின்ன நகரத்துக்குத் திட்டம் எப்படித் தயாராகிறது என்று பார்ப்போம். தமிழ்நாட்டில் இதற்கு அடிப்படை 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம். அதற்கு முன்னால் 1920ஆம் ஆண்டின் சென்னை நகரமைப்புச் சட்டம் இருந்தது. ஒரு ஊரையும் சுற்றியுள்ள கிராமங்களையும் சேர்த்துத் திட்டப் பகுதி என்று அரசு அறிவிக்கும். அதற்கு ஒரு குழுமம் இருக்கும். எந்த நிலம் இப்போது எதற்குப் பயன்படுகிறது என்று குழுமம் கணக்கெடுக்கும். இருபது வருஷம் கழித்து சனத்தொகை எவ்வளவு, வீடு எத்தனை, தண்ணீர் எவ்வளவு என்று மதிப்புப் போடும். அப்புறம் வரைபடத்தில் வர்ணம் அடிக்கும். குடியிருப்புக்கு மஞ்சள், வணிகத்துக்கு நீலம், தொழிற்சாலைக்கு ஊதா, விவசாயத்துக்குப் பச்சை. அரசு இசைவு தந்ததும் அரசிதழிலும் நாளிதழிலும் அறிவிப்பு வரும். ஆட்சேபம் சொல்ல இரண்டு மாதத்துக்குக் குறையாமல் அவகாசம் தர வேண்டும் என்கிறது சட்டம். பிறகு அரசின் ஒப்புதல். ஒப்புதல் ஆகிவிட்டால் அந்த வர்ணம்தான் சட்டம்.

கேட்பதற்கு ஒழுங்காகத்தான் இருக்கிறது. கோளாறு முதல் படியிலேயே இருக்கிறது. நிலக் கணக்கு வருவாய்த்துறைப் பதிவேட்டை வைத்துத் தொடங்குகிறது. பட்டா நிலத்துக்கு அதில் ஆள் பேர் உண்டு. புறம்போக்குக்குப் பேர் கிடையாது. பேர் இல்லாத நிலம் 'கிடைக்கக்கூடிய நிலம்' என்று ஆகிவிடுகிறது. ஆனால் பட்டாவில் பேர் இல்லாத சனம் எங்கே வாழ்கிறது? அந்தப் புறம்போக்கில்தான். ஏரி உள்வாயில், மேய்க்காலில், ஓடைக் கரையில். மாடு மேய்வது அங்கே. சுள்ளி பொறுக்குவது அங்கே. கீரை கிள்ளுவது அங்கே. செத்தால் புதைப்பதும் அங்கே. ஊர்த் தெருவுக்கு நிலம் காகிதத்தில் இருக்கிறது. சேரிக்கு நிலம் பழக்கத்தில் இருக்கிறது. திட்டம் போடுகிறவர் காகிதத்தைத்தான் படிக்கிறார்.

இது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. திருவள்ளூர் 1997இல்தான் தனி மாவட்டம் ஆனது. அதற்கு முன்பு இந்தப் பகுதி முழுக்கச் செங்கல்பட்டு மாவட்டம். கும்மிடிப்பூண்டி பழைய பொன்னேரி தாலுகாவில் இருந்தது. அந்தச் செங்கல்பட்டில் வெள்ளைக்காரன் காலம் முழுக்க மிராசு பாத்தியதை என்ற ஒன்று செல்லுபடியானது. வேளாளரும் பார்ப்பனரும் பெரும்பாலும் மிராசுதார்கள். பறையர்கள் அவர்களுடைய பண்ணையாட்கள். 1891இல் கலெக்டர் ட்ரெமென்ஹீர் இந்த மாவட்டத்துப் பறையர்களைப் பற்றி ஒரு நீண்ட குறிப்பு எழுதி அரசாங்கத்துக்கு அனுப்பினார். அந்த வருஷங்களில் செங்கல்பட்டில் ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூரை ஒட்டிய ஈக்காட்டில் வில்லியம் கௌடி போன்ற மிஷனரிகளும் இதே விஷயத்தை எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் காட்டிய நிலைமை இதுதான். நிலத்துக்குப் பஞ்சம் இல்லை. தரிசு நிறையக் கிடந்தது. பறையர் ஒருவர் அந்தத் தரிசைக் கேட்டு தர்காஸ்து போடுவார். விதிப்படி மிராசுதாருக்கு முதல் உரிமை. அவர் உடனே 'அது எனக்கு வேண்டும்' என்பார். வாங்கிப் பயிர் வைக்க வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை. பறையருக்குப் போகாமல் இருந்தால் போதும். ஆக, மனு போடும்வரை அது தரிசு. மனு போட்ட மறுநாள் அது மிராசுதார் நிலம். குடியிருந்த மனைகூட சேரிக்காரருக்குச் சொந்தம் இல்லை. எழுந்திரு என்றால் எழுந்திருக்க வேண்டியதுதான்.

இதன் தொடர்ச்சியாகத்தான் 1892 செப்டம்பர் 30ஆம் தேதி வருவாய்த்துறை அரசாணை 1010 வந்தது. ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கென்று நிலம் ஒதுக்கப்பட்டது. பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது. அதற்கப்புறம் விற்றாலும் இதே வகுப்பாருக்குத்தான் விற்க வேண்டும் என்பது நிபந்தனை. இதைத்தான் பஞ்சமி நிலம் என்கிறோம். மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்று தலித் இயக்கங்கள் சொல்லி வந்திருக்கின்றன. அது எங்கே போனது என்று கேட்டதற்குக் கிடைத்த பதிலும் நமக்குத் தெரியும். காரணை பஞ்சமி நிலத்துக்காகப் போராடிய சனத்தின் மீது 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள்.

நகரமைப்பு என்கிற துறை நம் பக்கம் வந்த கதையையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். 1914இல் ஸ்காட்லாந்துக்காரரான பாட்ரிக் கெடிஸ் இந்தியாவுக்கு வந்தார். 1915இல் சென்னை மாகாணத்து ஊர்கள் சிலவற்றைப் பார்த்து அறிக்கை எழுதினார். வைத்தியர் நோயாளியைத் தொட்டுப் பார்க்காமல் மருந்து எழுதலாமா? அதேபோல ஊரை நடந்து பார்க்காமல் கோடு போடக் கூடாது. இடிப்பதைக் குறை, இருப்பதைச் சீர்படுத்து என்றார். அவர் வந்து ஐந்தாறு வருஷத்தில் 1920 சட்டம் வந்தது. சட்டம் நிலைத்தது, நடந்து பார்க்கும் வேலைதான் நிலைக்கவில்லை.

இனி நம் காலத்துக்கு வருவோம். 1971இல் சிப்காட் தொடங்கப்பட்டது. சென்னைத் துறைமுகம் பக்கம், கல்கத்தா ரோடு பக்கம், ரயில் பக்கம் என்று கும்மிடிப்பூண்டிக்குத் தொழிற்பேட்டை வந்தது. இரும்பு உருக்கும் ஆலைகளும் உருட்டாலைகளும் வந்தன. ஈழ அகதிகள் முகாமும் இங்கேதான் இருக்கிறது; பீகார், ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் கொட்டகைகளில் இருப்பதும் இங்கேதான். வரைபடத்தில் இவர்களுக்கு ஒரு வர்ணமும் கிடையாது. ஆலை ஊதாவாகத் தெரியும். ஆலையை ஓட்டுகிற ஆள் தெரியமாட்டார்.

தேர்வாய் கண்டிகை கதையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கும்மிடிப்பூண்டி தாலுகாவில் தலித் மக்கள் பெரும்பான்மையாக வாழும் கிராமம் அது. ஊரை ஒட்டிய மேய்க்கால் நிலம் காடாக வளர்ந்து நின்றது. மாடும் விறகும் ஏரிக்கு இறங்குகிற மழைத்தண்ணியும் அதை நம்பித்தான். அதில் 1,127 ஏக்கர் சிப்காட்டுக்குப் போனது. பட்டா நிலமாக இருந்திருந்தால் நில எடுப்புச் சட்டம், நோட்டீஸ், விசாரணை, நஷ்டஈடு என்று ஏதாவது ஒன்று நடந்திருக்கும். புறம்போக்குக்கு அதெல்லாம் வேண்டாம். அரசாங்கத்தின் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினால் போதும். மக்கள் கிராம சபையில் தீர்மானம் போட்டார்கள், போராடினார்கள், கைதானார்கள். 2009 நவம்பரில் பிரான்ஸ் நாட்டு டயர் நிறுவனமான மிஷ்லினோடு தமிழக அரசு 4,000 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டது. 2012இல் இந்த விவகாரம் பாரீஸ் வரை போனது. பன்னாட்டு நிறுவனங்களுக்கான ஓ.இ.சி.டி. நெறிமுறைகளின் கீழ் தமிழ்நாட்டு நில உரிமை அமைப்பும் கிராமத்தாரின் சங்கமும் பிரெஞ்சு அமைப்புகளோடு சேர்ந்து புகார் கொடுத்தன. நிறுவனம் நெறிமுறைகளை மீறவில்லை என்று 2013இல் அங்கே முடித்தார்கள்.

பக்கத்திலேயே இன்னொன்றும் நடந்தது. கண்ணன்கோட்டை ஏரியையும் தேர்வாய் கண்டிகை ஏரியையும் இணைத்து, 50 கோடி கன அடி கொள்ளளவில் ஒரு நீர்த்தேக்கம் கட்டி 2020 நவம்பரில் திறந்தார்கள். சென்னைக் குடிநீருக்காக. ஆக, மேய்ச்சல் காடு ஆலைக்கு, ஏரி சென்னைக்கு. சென்னைக்குத் தண்ணி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. இரண்டையும் பேரேட்டில் எழுதியபோது அந்த ஊரின் பங்கு எந்தப் பத்தியில் எழுதப்பட்டது என்பதுதான் கேள்வி.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நாம் நகரத்துக்கு விரோதி இல்லை. கிராமத்தைக் கொண்டாடுகிறவர்களை 1948இல் அரசியல் நிர்ணய சபையிலேயே அம்பேத்கர் கடுமையாகச் சாடினார். பண்ணையை விட்டு ஆலைக்குப் போனதால்தான் நம்மில் பலர் நிமிர்ந்தோம். மேய்க்கால் அப்படியே கிடக்கட்டும், நாம் மாடு மேய்த்துக்கொண்டே இருப்போம் என்பது நம் கோரிக்கை இல்லை. மேய்க்காலை எடுத்தால் அதற்கு ஈடாக மஞ்சள் வர்ணத்தில் நமக்கு மனை எங்கே, நிரந்தர வேலை எங்கே, சுடுகாட்டுக்குப் பாதை எங்கே என்பதே கோரிக்கை. ஊர்–சேரி என்ற பழைய கோட்டையே புது வரைபடத்திலும் இழுத்தால் அதற்கு நகரம் என்று பேர் வைப்பானேன்?

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. 2014 மத்திய பட்ஜெட்டில் பொன்னேரியை ஸ்மார்ட் சிட்டியாகத் திட்டமிடப் போவதாக அறிவித்தார்கள். 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகர்ப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்து அரசாணை போட்டார்கள். திருவள்ளூர், மீஞ்சூர், திருமழிசை போன்ற ஊர்களுக்குப் புதுநகர் வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும் வேலையும் அறிவிக்கப்பட்டது. 2011 கணக்குப்படி திருவள்ளூர் நகராட்சியில் 56 ஆயிரம் பேர். மாவட்டத்தில் 37 லட்சம் பேர், அதில் நூற்றுக்கு 22 பேர் பட்டியல் சாதியினர். 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. மாவட்டத் திட்டக் குழுவில் ஐந்தில் நான்கு பங்கு, உள்ளாட்சியில் ஜெயித்தவர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும் என்கிறது அது. நம் கவுன்சிலர்கள், பஞ்சாயத்துத் தலைவர்களில் எத்தனை பேர் அந்த வரைபடத்தைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறார்கள்?

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். ஒவ்வொரு சேரியிலும் படித்த பிள்ளைகள் நாலு பேர் கிராம நிர்வாக அலுவலகத்துக்குப் போக வேண்டும். 'அ' பதிவேட்டை வாங்கி, டி.சி. நிலம் என்று குறித்த சர்வே நம்பர்களையும், மேய்க்கால், ஏரி, சுடுகாடு நம்பர்களையும் தனியாக எழுத வேண்டும். பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு அந்த நிலத்தை நடந்து பார்க்க வேண்டும். அங்கே யார் மாடு கட்டுகிறார்கள், யார் குடிசை போட்டிருக்கிறார்கள், எந்த வழியாகத் தண்ணி வருகிறது என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். கெடிஸ் சொன்ன சர்வேயை நாமே செய்துவிடலாம். வரைவுத் திட்டம் வரும் நாளில் இந்த நோட்டு தயாராக இருந்தால், நம் ஆட்சேபம் வெறும் கூச்சலாக இருக்காது. சர்வே நம்பரோடு இருக்கும்.

1891இல் தர்காஸ்து போட்டவர்களுக்கு எதிரே மிராசுதார் நின்றார். இன்று எதிரே நிற்பது 'காலி' என்கிற ஒரு சொல். அந்தச் சொல்லுக்கு நேராக ஆள் பேரை எழுதச் சட்டம் கொடுத்திருப்பது இரண்டு மாதம். அறிவிப்பு வந்த பிறகு நோட்டைத் தேடினால், அந்த இரண்டு மாதமும் தாலுகா ஆபீஸ் வாசலிலேயே போய்விடும்.