தோட்டத்து வளைகளும் கிளறல்களும்

புல்தரையிலும் வீட்டுத் தோட்டத்திலும் வரப்பிலும் காணும் குழி, வளை, மண்குவியல், கிளறல் ஆகியவற்றை வைத்து, அவற்றை உண்டாக்கிய உயிர் எது என்று அறிவதை இக்கட்டுரை விளக்குகிறது. இங்கே எடுத்துக்கொண்ட நிலம் தமிழ்நாட்டுச் சமவெளியும் மலையடிவாரமும். காலையில் புல் பெயர்ந்து கிடந்தால் பெரும்பாலோர் எலி மேல் பழி போட்டுவிட்டு மருந்துக் கடைக்குப் போகிறார்கள். பாதி நேரம் அந்தப் பழி தவறு. தவறான உயிருக்கு வைத்த நஞ்சு கோழியையும் பூனையையும் ஆந்தையையும் கொன்றுவிட்டு, தோண்டிய உயிரை அப்படியே விட்டுவிடும்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: தோண்டியது குடியிருக்கவா, இரை தேடவா? குடியிருக்கத் தோண்டும் உயிர் உள்ளிருந்து மண்ணை வெளியே தள்ளும். வளையின் வாய் வட்டமாக, போய்வந்த உடம்பு உரசி வழவழப்பாக இருக்கும். அடுத்த நாளும் அதே இடத்தில்தான் புழக்கம். இரை தேடும் உயிரோ மேலிருந்து கீறும். குழி ஆழமிராது, மண் ஒரே பக்கம் சிதறிக் கிடக்கும், நாளைக்கு வேறோர் இடத்தில் கிளறும். இப்படிப்பட்ட கிளறலைக் கண்டால் கிளறிய உயிரைவிட, மண்ணுக்கடியில் அதற்கு இரையாக இருந்தது எது என்பதே முக்கியம்.

எலி வளைகள்

வீட்டுச் சுவரோரம், சாக்கடையோரம், மாட்டுக்கொட்டகை அருகில் கை நுழையும் அளவுக்கு வளை இருந்து, வாசலில் கூடை மண் குவிந்திருந்தால் அது பெருச்சாளி. அரைக் கிலோவுக்கு மேல் எடை வரும். தெலுங்கில் இதற்குப் பந்திகொக்கு, அதாவது பன்றியெலி, என்று பெயர். ஆங்கிலத்தின் 'பேண்டிகூட்' அதிலிருந்து வந்ததுதான்.

வயலிலும் புல்தரையிலும் உண்மையான சேதம் செய்வது அதன் சிறிய உறவான வரப்பெலி. இதன் அடையாளத்தைத் தெரிந்துகொள்வது தனிக் கவனத்துக்கு உரியது. வரப்பெலி தன் வளையின் வாயை உள்ளிருந்தே பொடிமண்ணால் அடைத்துக்கொள்ளும். அதனால் ஓட்டையே கண்ணில் படாது. அங்கங்கே மண்குவியல் மட்டும் தெரியும். குவியலை விரலால் விலக்கினால் அடியில் நெகிழ்ந்த மண் அடைத்த வழி தட்டுப்படும். வெளிநாட்டுத் தோட்டக்கலை நூல்களைப் படித்தவர்கள் இதை அகழெலியின் வேலை என்று நினைப்பதுண்டு. அகழெலி இந்தியாவில் இமயமலைப் பகுதியிலும் வடகிழக்கிலும் மட்டுமே வாழ்கிறது. தமிழ்நாட்டில் அது இல்லை. வரப்பெலி நெற்கதிரை வெட்டிக் கிலோக் கணக்கில் வளைக்குள் சேர்த்து வைக்கும். பெரும்பாலும் ஒரு வளையில் ஒரே எலிதான் இருக்கும், குட்டி போட்ட தாயைத் தவிர. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது வரப்பெலியைப் பொறுத்தவரை கண்ணால் காணத்தக்க உண்மை.

மேட்டாங்காட்டிலும் மணற்பாங்கான புஞ்சையிலும் வாழும் வெள்ளெலி வாயை அடைப்பதில்லை. திறந்த வளை, வாசலில் கொஞ்சம் மண். ஆனால் அதற்கு அவசர வழிகள் உண்டு: தரைக்குச் சற்றுக் கீழே வரை தோண்டி, மேலே மெல்லிய மண்ணை விட்டுவைக்கும். ஆபத்து வந்தால் அதை முட்டிக்கொண்டு பாயும். எலி பிடிப்பதில் தேர்ந்த இருளர்கள் வளையின் வாயில் புகைப்பானையை வைத்து ஊதுமுன் சுற்றுவட்டத்தைப் பார்த்து இந்த மறைவழிகளை அடைப்பது இதனால்தான். வளையில் எலி இருக்கிறதா, போய்விட்டதா என்பதை அவர்கள் மண்ணின் ஈரத்திலும் தடத்திலும் படித்துவிடுவார்கள். காவிரிப் படுகையில் வரப்பெலி பிடிக்க மூங்கிலால் செய்த தஞ்சாவூர்க் கிட்டியை வைக்கிறார்கள். அதையும் புழக்கமுள்ள தடம் பார்த்து வைத்தால்தான் பலன்.

பழக்கமில்லாதவருக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. மாலையில் எல்லா வளைகளையும் மண்ணால் மூடிவிட வேண்டும். காலையில் எது திறந்திருக்கிறதோ, எங்கே புதுமண் வந்திருக்கிறதோ அதுவே உயிருள்ள வளை. வாயில் சிலந்தி வலை பின்னியிருந்தால் ஆளில்லை. சந்தேகம் தீராவிட்டால் வளையைச் சுற்றி மெல்லிய மணலோ சாம்பலோ தூவி வைத்துக் கால்தடம் பார்க்கலாம்.

பூச்சிகளும் புழுக்களும்

மழைக்குப் பிறகு புல்தரையில் விரல் கனத்துக்கு மண் வரிவரியாக, கயிறு ஓடினாற்போல் புடைத்திருந்தால் அது பிள்ளைப்பூச்சி. முன்கால்கள் மண்வெட்டி போல அகன்றவை. மண்ணுக்குச் சற்றுக் கீழே ஓடி வேரை அறுப்பதால் புடைப்பின் மேல் நடந்தால் கால் அமுங்கும். ஆண் பூச்சி கொம்புக்குழல் வடிவில் வாய் விரியும் வளை கட்டி அதற்குள் இருந்து இரவில் ஒலியெழுப்பும். வளையே அந்த ஒலியைப் பெருக்கித் தரும். நான்கைந்து லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் கலந்து ஒரு முழச் சதுரத்தில் ஊற்றினால், சில நிமிடங்களில் உள்ளிருப்பவை மேலே ஏறி வந்துவிடும். நஞ்சில்லாத இந்தச் சோதனை எல்லாத் தோட்டக்காரரும் செய்துபார்க்க வேண்டியது.

வெள்ளை வேர்ப்புழு தானாகக் குழி தோண்டிக் காட்டாது. கோடைமழை பெய்ததும் அந்தி நேரத்தில் வேம்பிலும் கருவேலத்திலும் வந்து மொய்க்கும் பழுப்பு வண்டுகள் மண்ணில் முட்டையிடுகின்றன. புழு வேரைத் தின்னும். நிலக்கடலைக்கும் கரும்புக்கும் இதுவே பெரும்பகை. புல்தரையில் திட்டுத்திட்டாக மஞ்சள் விழும், தண்ணீர் விட்டாலும் தேறாது. அந்த இடத்தில் புல்லைக் கொத்தாகப் பிடித்து இழுத்தால் வேரின் பிடிப்பு இல்லாமல் பாய் சுருளுவதுபோல் மேலே வந்துவிடும். அடியில் பழுப்புத் தலையும் மூன்று சோடிக் கால்களுமாக, அரிவாள் போல் வளைந்து கிடக்கும் வெண்புழுக்கள். ஒரு சதுர அடியில் ஒன்றிரண்டு என்றால் புல் தாங்கும். பத்துக்கு மேல் போனால் தாங்காது.

தாழ்வாரத்து உலர்மண்ணில் புனல் போன்ற சிறு குழிகள் குழியானையுடையவை. எறும்பு சறுக்கி விழக் காத்திருக்கும் பொறி அது. வாசலைச் சுற்றி விதையுமி வளையமாகக் கிடந்தால் தானியம் சேர்க்கும் எறும்பு. மழைக்காலத்தில் புல்லிடையே சுருள்சுருளாகக் குவியும் பிசுபிசுத்த மண், மண்புழுவின் எச்சம். இங்கிலாந்தின் பல இடங்களில் ஓர் ஏக்கரில் ஆண்டுக்குப் பத்து டன்னுக்கு மேல் மண் புழுக்களின் உடல்வழியே போய்வருகிறது என்று டார்வின் 1881-இல் கணக்கிட்டு எழுதினார். இந்த எச்சத்தை நோய் என்று எண்ணி மருந்தடிப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. துடைப்பத்தால் பரப்பிவிட்டால் அதுவே உரம்.

இரை தேடிக் கிளறுபவை

மலையடிவாரத்தில் ஒரே இரவில் புல்தரை ஏர் உழுததுபோல் புரண்டு கிடந்தால் காட்டுப்பன்றியைத்தான் நினைக்க வேண்டும். மூக்கால் புரட்டிக்கொண்டே போகும். பிளந்த குளம்பின் தடம் ஈரமண்ணில் பதிந்திருக்கும். அது தேடியது கோரைக்கிழங்கும் மண்புழுவும் வேர்ப்புழுவும். முள்ளம்பன்றி அப்படிப் பரவலாகப் புரட்டாது. கிழங்குள்ள இடத்தைப் பார்த்துத் தோண்டிக் கடித்துவிட்டுப் போகும். கறுப்பு வெள்ளை வளையமிட்ட முள் ஒன்று கிடந்தால் ஐயமே இல்லை.

விரல் நுழையும் சிறு துளைகள் பலவாக இருந்து பகலில் கொண்டலாத்தி வந்துபோனால், அதன் நீண்ட அலகு புழுவை எடுத்த இடங்கள் அவை. மயிலும் கோழியும் காலால் சீய்த்த மண் பின்பக்கம் தெறித்திருக்கும். கீரி தோண்டியது கூம்பாக, உள்ளங்கை அளவில் இருக்கும். நாய் இரைக்காக மட்டும் தோண்டுவதில்லை. வெயில் காலத்தில் மரநிழலில் தொட்டி போல் பறித்து, குளிர்ந்த மண்ணில் வயிறு பட்டுப் படுத்துக்கொள்ளும். அந்தக் குழியில் உதிர்ந்த முடியைக் காணலாம். மயிலும் கொண்டலாத்தியும் கீரியும் நாள்தோறும் ஒரே திட்டில் கிளறினால் அங்கே வேர்ப்புழு இருக்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலை. அவை கெடுத்ததைவிடக் காப்பாற்றியது அதிகமாக இருக்கலாம்.

கரையான் புற்று உடைக்கப்பட்டு, அதில் ஆழமான நகக்கீறல்கள் இருந்தால் மலைப்பகுதிகளில் கரடியையும் அழுங்கையும் கருத வேண்டும். அழுங்கு இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் (1972) முதல் அட்டவணையில் இடம்பெற்ற உயிர். அதன் வளையைக் கண்டால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும்.

நண்டும் பாம்பும்

வயலோரத்து ஈரநிலத்தில் வளையின் வாயைச் சுற்றி ஈரமண் உருண்டைகள் அடுக்கடுக்காக இருந்தால் அது வயல் நண்டு. தண்ணீர் மட்டம் வரை கீழே இறங்கும். வரப்பில் நண்டு வளை பெருகினால் கட்டிய நீர் கசிந்து அடுத்த வயலுக்குப் போய்விடும்.

பாம்பு வளை என்று தனியாக ஒன்று நம் தோட்டங்களில் இல்லை. கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்த கதைதான். நல்ல பாம்பும் கட்டுவிரியனும் எலி தோண்டியதிலும் கரையான் கட்டியதிலும் ஒண்டிக்கொள்கின்றன. எனவே எந்த வளையானாலும் கையை விடக்கூடாது, குனிந்து முகத்தைக் கொண்டுபோகக்கூடாது. நீண்ட கம்பும் டார்ச் விளக்கும் போதும். எலி வளை மண்ணைக் கிளறும்போது கையுறை அணிய வேண்டும். எலியின் சிறுநீர் பட்ட ஈரமண், தோலில் உள்ள கீறல் வழியாக எலிக்காய்ச்சலைத் தரக்கூடும்.