இனி எழுதப் போவதையும் இன்றே எழுதிக் கொடுக்கலாமா?



என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி சிறுகதைத் தொகுப்பு கொண்டு வரப் போகிறாள். பதிப்பக ஒப்பந்தத்தை அனுப்பி, "சார், கையெழுத்துப் போடலாங்களா?" என்று கேட்டாள். அதில் ஒரு வரி: இனி அவள் எழுதும் நூல்கள் எல்லாம் இதே நிபந்தனையில் அவர்களுக்கே. இன்னொன்று: இனி வரப்போகும் எந்த வடிவத்துக்கும் உரிமை அவர்களுடையதே. அவளுக்குச் சொன்ன பழைய வரலாற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

பாரதியார் 1921 ஜூலை 31 அன்று நம் ஈரோடு கருங்கல்பாளையத்தில் பேசினார். செப்டம்பரில் மறைந்தார். தமிழில் பேசும் படம் வந்ததே 1931-இல்தான். தன் பாட்டு திரையில் ஒலிக்கும் என்று அவர் கண்டிருக்க வழியில்லை.

அவர் காலத்துக்குப் பின் நூல்களின் உரிமை தம்பி சி. விசுவநாத ஐயரிடம் வந்தது. பாடல்களை இசைத்தட்டில் பதியும் உரிமை மட்டும் தனியாகப் பிரிந்து, 1930-களில் ஜெஸிங்லால் மேத்தா என்ற வணிகரிடம் போனது. அவரிடமிருந்து 1946-இல் ஏவி. மெய்யப்பச் செட்டியார் வாங்கினார். 1947-இல் 'நாம் இருவர்' வந்தது. டி.கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாடல்கள் ஊரெங்கும் ஒலித்தன. விற்றபோது சிறிதாகத் தெரிந்த உரிமை, பத்துப் பன்னிரண்டு ஆண்டில் பெரும் சொத்தாகிவிட்டது.

அடுத்து டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாடலைப் பயன்படுத்த, ஏவி.எம். ஆட்சேபித்தது. பாரதி பொதுச்சொத்தாக வேண்டும் என்று டி.கே. சண்முகம், நாரண துரைக்கண்ணன் முதலானோர் இயக்கம் நடத்தினார்கள். ஓமந்தூரார் ஆட்சியில் 1949-இல் அரசே உரிமையை எடுத்துக்கொண்டது. அப்போதைய கல்வி அமைச்சர் தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார், நம் திருப்பூர்க்காரர். மெய்யப்பச் செட்டியார் பணம் வாங்காமலே தன் உரிமையை விட்டுக் கொடுத்தார். விசுவநாத ஐயருக்கு 15,000 ரூபாய். செல்லம்மாளுக்கும் இரு மகள்களுக்கும் தலா 5,000 ரூபாய்.

இதில் யாரையும் வில்லனாக்க நான் விரும்பவில்லை. வாங்கியவர்கள் சட்டப்படிதான் வாங்கினார்கள். நான் பார்ப்பது வேறு: பிறக்காத ஒன்றுக்கு விலை சொன்னால், இழப்பு பெரும்பாலும் எழுதியவர் பக்கமே விழுகிறது. நம்மூர் அமராவதிப் பாசனத்தில் தென்னந்தோப்பைக் குத்தகைக்கு விடுகிறோம். இருக்கிற மரத்துக்குத்தானே பேசுகிறோம்? நாளைக்கு நடப்போகும் கன்றுக்கும் சேர்த்து யாராவது எழுதிக் கொடுப்பார்களா?

1957 பதிப்புரிமைச் சட்டம் எதிர்காலப் படைப்பை எழுதிக் கொடுப்பதைத் தடுக்கவில்லை. நூல் உருவானதும் அந்த உரிமை மாற்றம் நடப்புக்கு வரும். ஆகவே அந்த வரியை அலட்சியமாக விடக்கூடாது. ஆனால் 2012 திருத்தம் ஒரு காப்பு தந்தது: ஒப்பந்தம் போடும்போது இல்லாத ஊடகத்தை அதில் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தால் ஒழிய, அதற்கு உரிமை போகாது. காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றே கொள்ளப்படும்.

பதிப்பாளரும் கைக்காசைப் போட்டுத்தான் புதியவர்களை அச்சேற்றுகிறார். அடுத்த நூலை முதலில் தங்களுக்குக் காட்டச் சொன்னால் அது நியாயம். ஒரு நூல், இத்தனை மாதத்துக்குள் பதில், விலை அப்போது பேசிக்கொள்வது என்று இருந்தால் போதும். "எல்லா நூலும், இதே விலைக்கு" என்பதுதான் நியாயமில்லை.

அந்த இரண்டு வரியையும் அடித்து, திருத்தம் கேட்டு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். எழுதும் பிள்ளைகள் யாராக இருந்தாலும், கையெழுத்துக்கு முன் ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். புரியாவிட்டால் வக்கீலிடம் காட்டுங்கள். கூச்சப்படாதீர்கள் கண்ணுகளா.