ஜிஃப் படத்துக்கு யார் முதலாளி?

எழுத்துக்கு நடுவே ஒரு படத்தைச் செருகுவது இன்று இரண்டு நொடி வேலை. ஆனால் இணையப் பக்கத்தில் படம் போட்டதற்காக 5,000 டாலர் கேட்ட கதை தெரியுமா? வணிகவியல் படிப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது!

1987-ம் ஆண்டு. அமெரிக்காவில் கம்ப்யூசர்வ் என்ற நிறுவனம் தொலைபேசி இணைப்பு வழியாகச் செய்திகளையும் கோப்புகளையும் வழங்கி வந்தது. அன்றைய மோடம்களோ ஆமை வேகம். ஒரு வண்ணப் படம் வந்து சேர்வதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். அதனால் ஸ்டீவ் வில்ஹைட் என்பவரின் குழு, படத்தைச் சுருக்கி அனுப்பும் ஜிஃப் வடிவத்தை உருவாக்கி அந்த ஜூன் மாதம் வெளியிட்டது. 256 வண்ணங்கள்தான். ஆனால் அளவு சிறியது, பல வகைக் கணினிகளிலும் திறக்கும், யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம்.

சுருக்குவதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டது எல்இசட்டபிள்யூ என்ற முறை. திரும்பத் திரும்ப வரும் வண்ண வரிசைக்கு ஒரு எண் கொடுத்துவிடுவார்கள். அடுத்த முறை அந்த வரிசை வந்தால் எண்ணை மட்டும் எழுதினால் போதும். லெம்பல், ஸிவ் இருவரும் 1978-ல் சொன்ன வழியை மேம்படுத்தி, டெர்ரி வெல்ச் 1984-ல் ஓர் ஆய்வேட்டில் இதை வெளியிட்டார்.

சிக்கல் இங்கேதான்! வெல்ச் வேலை பார்த்த ஸ்பெர்ரி நிறுவனம் 1983-லேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1985-ல் வாங்கியும் விட்டது. 1986-ல் ஸ்பெர்ரியும் பரோஸும் இணைந்து யுனிசிஸ் ஆனது. காப்புரிமையும் அதனிடம் போனது. கம்ப்யூசர்வுக்கு இது தெரியாது.

1993-ல் மார்க் ஆண்ட்ரீசன் குழுவினரின் மொசைக் உலாவி, எழுத்தோடு சேர்த்துப் படத்தையும் ஒரே பக்கத்தில் காட்டியது. ஜிஃப் உலகமெங்கும் பரவியது. 1994 டிசம்பரில் அறிவிப்பு வந்தது: ஜிஃப் பயன்படுத்தும் வணிக மென்பொருள்கள் யுனிசிஸுக்கு உரிமத் தொகை கட்ட வேண்டும்.

நிரலாளர்கள் கொதித்துப் போனார்கள். திட்டியதோடு நிற்கவில்லை. 1995 ஜனவரியில் தாமஸ் பூடெல் புதிய வடிவம் ஒன்றை முன்மொழிய, பலர் கைகோர்த்தார்கள். அதுதான் பிஎன்ஜி. காப்புரிமைத் தொல்லை இல்லை, கோடிக்கணக்கான வண்ணங்கள், தரமும் குறையாது. 1996 அக்டோபரில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு அதைப் பரிந்துரைத்தது.

1999-ல் யுனிசிஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. உரிமம் பெறாத மென்பொருளில் செய்த ஜிஃப் படங்களைப் போட்டிருக்கும் இணையத்தளங்களும் 5,000 டாலர் கட்ட வேண்டுமாம்! பதிலுக்கு அந்த நவம்பர் 5-ம் தேதியை 'ஜிஃப்களை எரிக்கும் நாள்' என்று அறிவித்தார்கள் எதிர்ப்பாளர்கள்.

யுனிசிஸ் செய்தது தவறா? சட்டப்படி இல்லை. காப்புரிமை என்பது புலனாகாச் சொத்து. சொந்தக்காரர் வாடகை கேட்கலாம். ஜிஃப்பில் தங்கள் முறை இருப்பது 1993-ல்தான் தெரிந்தது என்று அவர்கள் சொன்னார்கள். ஆனால் இலவசம் என்று நம்பி ஊரே குடியேறிய பிறகு வாடகை கேட்டால் என்ன ஆகும்? உரிமத் தொகை வந்தது, நற்பெயர் போனது. அதுவும் புலனாகாச் சொத்துதானே!

2003 ஜூன் 20-ல் அமெரிக்கக் காப்புரிமை காலாவதியானது. மற்ற நாடுகளில் 2004-ல் முடிந்தது. வேடிக்கை என்னவென்றால் ஜிஃப் சாகவில்லை. பிஎன்ஜி அசையாப் படத்துக்காகச் செய்யப்பட்டது, ஜிஃப்போ ஆடும், ஓடும். அதனால் இரண்டுமே நிலைத்துவிட்டன.

அடுத்த முறை இலவசமாக எதையாவது எடுத்துப் பயன்படுத்தும்போது, அதன் முதலாளி யார் என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள் நண்பர்களே!