மனநோயாளர் உதவித்தொகை (அமெரிக்கா)

மனச்சிதைவு, இருமுனையக் கோளாறு போன்ற கடும் மனநோய்களால் வேலை செய்ய இயலாதவர்களுக்கு அமெரிக்க நடுவணரசு மாதந்தோறும் வழங்கும் தொகை; முன்பு சமூகப் பாதுகாப்பு வரி செலுத்தியவர்கள் 1956-இல் சட்டமான ஊனமுற்றோர் காப்பீட்டின் வழியாகவும், போதிய வருவாயற்ற வறியோர் 1974-இல் நடைமுறைக்கு வந்த துணை வருமானத் திட்டத்தின் வழியாகவும் இதைப் பெறுகின்றனர். 1980களின் தொடக்கத்தில் நடந்த மறுஆய்வுகளில் மனநோயாளர் பலர் உதவியை இழந்து தவித்ததால், நோய் தணிந்ததற்கான சான்றின்றிப் பொதுவாக உதவியை நிறுத்தலாகாது என 1984-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. துணை வருமானத் திட்டத்தில் தனிநபரின் சொத்து 2,000 டாலரைத் தாண்டக்கூடாது. குடியிருக்கும் வீடும் ஒரு வாகனமும் இக்கணக்கில் சேரா எனினும், வாடகை முன்பணத்துக்கெனவோ பல் சிகிச்சைக்கெனவோ வங்கியில் சிறுகச் சேர்க்கும் பணம் சேரும் என்பதால், சேமிப்பே தகுதியைப் பறிக்கும் கொடுமை நேர்கிறது. விலைவாசி பன்மடங்கு ஏறியும் 1989 முதல் இவ்வரம்பு உயர்த்தப்படவில்லை.