சுத்துதா, கண்ணு இருட்டுதா?

இன்னைக்கு எபிசோடு என் சொந்தக் கதையில ஆரம்பிக்குது. ஆனா சீக்கிரமே பாரிஸுக்குப் போயிடுவோம், பயப்படாதீங்க.

எனக்கு நாலு வருஷமா ஹைப்போதைராய்டு. தினமும் காலையில வெறும் வயித்துல 50 மைக்ரோகிராம் தைராக்ஸின். போன வருஷம் ஒரு நாள் காலையில போன்ல அலாரத்தை அணைக்க வலது பக்கம் புரண்டேன். அவ்வளவுதான், ரூமே சுழல ஆரம்பிச்சது. அரை நிமிஷம் இருந்திருக்கும். கட்டிலைப் பிடிச்சுக்கிட்டே வாந்தி எடுத்தேன். அம்மா ஓடி வந்து கேட்டது ஒண்ணே ஒண்ணு: "மாத்திரை போட்டியாடி? தைராய்டுதான் இது."

நான் போன கிளினிக்லயும் அதையேதான் சொன்னாங்க. ரத்தப் பரிசோதனைகூட எடுக்காம டோஸை 75 ஆக்கினாங்க. ரெண்டு வாரத்துல சுத்தல் நிக்கலை, கூட நெஞ்சு படபடப்பும் சேர்ந்துக்கிச்சு.

அடுத்துப் பார்த்தது ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரை. அவர் கேட்ட முதல் கேள்வி: "உங்களுக்குச் சுத்துதாம்மா, இல்ல கண்ணு இருட்டிக்கிட்டு வருதா?" யோசிச்சுப் பார்த்தா ரெண்டுமே இருந்தது. படுக்கையில புரண்டா சுத்துது, சட்டுனு எழுந்து நின்னா இருட்டுது. கிறுகிறுப்பு, மயக்கம், தள்ளாட்டம்னு தமிழ்ல தனித்தனி வார்த்தை இருந்தும், நான் எல்லாத்தையும் 'தலைசுத்தல்'ங்கிற ஒரே மூட்டையில கட்டியிருந்தேன்.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்ததுன்னு தேடினப்பதான் இந்த எபிசோடு கிடைச்சது.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரோப்பாவில் ஒருவருக்குத் திடீரென்று தலை சுற்றி, வாந்தி வந்து விழுந்தால், டாக்டர்கள் மூளையைத்தான் சந்தேகித்தார்கள். மூளையில் ரத்தம் தேங்கிவிட்டது என்பது அன்றைய முடிவு. வைத்தியம்? ரத்தத்தை வெளியே எடுப்பது, அட்டைப்பூச்சி கடிக்க விடுவது. ஏற்கெனவே தள்ளாடுற ஆளோட ரத்தத்தையும் எடுத்தா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

இத்தனைக்கும் 1820களிலேயே பியர் ஃப்ளூரான்ஸ் என்ற பிரெஞ்சு ஆய்வாளர், புறாக்களின் உள்காதில் இருக்கும் அரைவட்டக் குழாய்களை வெட்டிப் பார்த்திருந்தார். எந்தக் குழாயை வெட்டினாரோ, அந்தத் திசையிலேயே புறாவின் தலை ஆடியது. ஆனால் புறாவின் காதையும் மனிதனின் தலைசுற்றலையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

சேர்த்துப் பார்த்தவர் ப்ரோஸ்பர் மெனியர். பாரிஸில் காது கேளாதோருக்கான நிறுவனத்தின் தலைமை மருத்துவர். நாள் முழுக்கக் காதுப் பிரச்சினை உள்ளவர்களோடு இருந்ததால், மற்றவர்கள் கவனிக்காத ஒன்றை அவர் கவனித்தார். தலை சுற்றி விழுகிற பலருக்குக் காதில் இரைச்சலும் இருந்தது, கேட்கும் திறனும் குறைந்திருந்தது. 1861 ஜனவரியில் பாரிஸ் மருத்துவ அகாதமியில் அவர் கட்டுரை வாசித்தார். குற்றவாளி மூளை இல்லை, உள்காது என்றார். பெரிய வரவேற்பு இல்லை. அடுத்த வருஷமே நிமோனியாவில் இறந்துபோனார். அவர் பேரில் ஒரு நோய் இருக்கிற அளவுக்குப் புகழ் பின்னால்தான் வந்தது.

இப்ப தைராய்டு பக்கம் வருவோம். 1873இல் லண்டனில் வில்லியம் கல், உடல் ஊதி, மந்தமாகி, குளிர் தாங்காமல் போன ஐந்து பெண்களைப் பற்றி எழுதினார். கொஞ்ச வருஷத்தில் வில்லியம் ஆர்ட் அதற்கு மிக்ஸிடீமா என்று பேர் வைத்தார். காரணம் தைராய்டு சுரப்பிதான் என்று லண்டன் கிளினிக்கல் சொசைட்டியின் குழு அறிக்கை கொடுத்தது 1888இல். மூன்றே வருஷத்தில் ஜார்ஜ் மரே என்ற இளம் டாக்டர், 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசி மூலம் போட்டார். அந்த அம்மா அதற்குப் பிறகு 28 வருஷம் உயிரோடு இருந்தார். எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். பேர் தெரியாத ஆடுகள் தயவில் ஒரு முழு ஆயுள்!

அந்த வெற்றிக்கு ஒரு பின்விளைவும் உண்டுன்னு நான் நினைக்கிறேன். காரணம் இவ்வளவு தெளிவா இருக்கிற, மாத்திரை இவ்வளவு நல்லா வேலை செய்ற ஒரு நோய் கையில இருந்தா, வேற எது வந்தாலும் பழியை அது மேல போடுறது சுலபம். 1850ல மூளை இருந்த இடத்துல இப்ப எங்க வீட்டுல தைராய்டு உட்கார்ந்திருக்கு.

தைராய்டு முழுக்க நிரபராதின்னு சொல்ல வரலை. ரொம்பக் குறைஞ்சுபோனா இதயத் துடிப்பு மந்தமாகும், எழுந்து நின்னா கிறுகிறுக்கும். 1960இல் ஜெல்லினெக், கெல்லி என்ற இருவர் லான்செட் இதழில், தைராய்டு குறைந்த சிலருக்குச் சிறுமூளையே பாதிக்கப்பட்டு நடை தள்ளாடுவதை எழுதினார்கள். மாத்திரை அளவுக்கு மீறினாலும் படபடப்போடு தலை லேசாகும். எனக்கு 75இல் நடந்தது அதுதான்.

ஆனா படுக்கையில புரண்டா ரூம் சுத்துறது? அதுக்கு வியன்னா போகணும். அங்கே ராபர்ட் பாராணி என்ற காது டாக்டர் நோயாளிகளின் காதைத் தண்ணீர் பீச்சிக் கழுவும்போது, அவர்களுக்குத் தலை சுற்றுவதையும் கண்கள் துள்ளுவதையும் பார்த்தார். குளிர்ந்த தண்ணீருக்குக் கண் ஒரு பக்கம் துள்ளியது, சூடான தண்ணீருக்கு எதிர்ப் பக்கம். உள்காதைக் கண் வழியாகவே சோதிக்க ஒரு வழி கிடைத்தது. 1914க்கான நோபல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதி! ஸ்வீடன் தலையிட்டு 1916இல்தான் விடுதலை ஆனார். 1921இல், தலையை ஒரு பக்கம் சாய்த்தால் மட்டும் சுற்றுகிற ஒரு இளம்பெண்ணைப் பற்றி எழுதினார்.

1952இல் லண்டனில் மார்கரெட் டிக்ஸும் சார்ல்ஸ் ஹால்பைக்கும் அதைச் சோதிக்கும் முறையை எழுதி வைத்தார்கள். டிக்ஸ் சர்ஜன் ஆக வேண்டியவர். போரில் குண்டுவீச்சில் முகமும் பார்வையும் பாதிக்கப்பட்டு, அந்தப் பாதை மூடிவிட்டது. அப்படிப்பட்டவர் வாழ்நாள் முழுக்க அடுத்தவர்களின் கண் அசைவைப் பார்த்து நோயைக் கண்டுபிடித்தார்.

வைத்தியம் கடைசியில் அமெரிக்காவின் போர்ட்லேண்டில் கிடைத்தது. உள்காதில் சுண்ணாம்புப் படிகங்கள் உண்டு. அவை இடம் மாறிக் குழாய்க்குள் விழுந்தால் சுத்தல். அப்படின்னா தலையை வரிசையா நாலு நிலையில திருப்பி அந்தத் துகளை வெளியே உருட்டிவிட்டா போதுமே, என்று யோசித்தவர் ஜான் எப்லி. 1980இல் அவர் இதைச் சொன்னபோது நம்ப ஆளில்லை. மருந்தும் இல்லாம கத்தியும் இல்லாம தலையைத் திருப்புறது ஒரு வைத்தியமா? முழு முறையும் ஆய்விதழில் வந்தது 1992இல்.

என் டாக்டர் செஞ்சதும் இந்த ரெண்டுதான். தலையை 45 டிகிரி வலது பக்கம் திருப்பி, சட்டுனு பின்னால சாய்ச்சு, கட்டில் விளிம்புக்குக் கீழ தொங்கவிட்டார். கண்ணை மூடாதீங்கன்னார். உலகம் சுத்துச்சு. "கண்ணு துள்ளுது, வலது காதுதான்" என்றார். அப்புறம் எப்லி முறை. மொத்தம் அஞ்சு நிமிஷம். அன்னைக்கு ராத்திரி பயந்து பயந்து வலது பக்கம் புரண்டேன். எதுவும் ஆகலை.

அப்ப கண்ணு இருட்டுறது? அதுக்கு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். ஹீமோகுளோபின் 9.2. "பீரியட்ஸ் அதிகமா இருக்கா?" ஆமா, தைராய்டு கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் ரொம்பவே அதிகம், அந்த நஷ்டம் ஈடாகவே இல்லை. தைராய்டு குறைஞ்சா அப்படி ஆகுறது உண்டு. ஆக, முன்வாசல்ல நிரபராதின்னு அனுப்பிவெச்ச ஆளு பின்வாசல் வழியா உள்ளே வந்துட்டாரு! (சிரிப்பு) அம்மாவுக்கு அன்னைக்கு முகத்துல ஒரு ஜொலிப்பு.

டோஸ் மறுபடி 50க்கு வந்தது. இரும்புச்சத்து மாத்திரையை மட்டும் தைராக்ஸினோட சேர்த்துப் போடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க, அது உறிஞ்ச விடாது. நாலு மணி நேரமாவது இடைவெளி. அதனால காலையில ஆறு மணிக்கு ஒண்ணு, மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு. ரெண்டாவதுக்கு அம்மாவே ஆபீஸுக்கு போன் பண்ணி ஞாபகப்படுத்துறாங்க.